பைக் ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்: கேட்கும் சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பைக்கில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் பலரும் உடனே கடைக்குப் போய், பெட்டியில் இன்னும் பெரிய வாட் எண் போட்ட ஸ்பீக்கரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே இரைச்சல், அதே கரகரப்பு. கோளாறு பெரும்பாலும் எர்த்திலோ வயரிலோ ஸ்பீக்கர் பார்க்கும் திசையிலோதான் இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், வாட் எண்ணைப் பார்த்து மாற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

புல்லட், பல்சர், ஸ்கூட்டர்களில் வழக்கமாகப் போடும் அமைப்புக்காக எழுதியது இது: 12 வோல்ட் பேட்டரி, ஒரு சிறிய ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்பீக்கர், ஒரு ப்ளூடூத் போர்டு. கையில் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் ரிமோட் செல், இரண்டடி வயர், ஒரு பவர் பேங்க் இருந்தால் போதும்.

முதலில் மூன்று அளவுகள்

இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் கழித்து பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜினை 3,000 ஆர்.பி.எம். வரை முறுக்கினால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 15ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. ஆம்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆம்பும் போகும்.

அடுத்து, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு பேட்டரி முனையிலும் ஆம்பின் பவர் முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயர் மெலிது, அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட் சரியில்லை.

மூன்றாவதாக, ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி ஓம் அளவு எடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 8 ஓம் என்றால் 6 முதல் 7 வரை. எதுவுமே காட்டாவிட்டால் காயிலோ (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) வயரோ அறுந்திருக்கிறது. அரை ஓம் மாதிரி காட்டினால் எங்கோ ஷார்ட். மூன்று அளவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லா இடத்திலும் இவை தேவைப்படும்.

நிற்கும்போது அதிருகிறது, 60இல் போனால் காணோம்

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அதிகப் பணம் வீணாவதும் இதில்தான்.

60 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே சுமார் 90 டெசிபல். 100 கி.மீ. வேகத்தில் அது 100 டெசிபலை நெருங்குகிறது. உங்கள் ஸ்பீக்கர் அதைத் தாண்டிக் காதுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு எவ்வளவு பவர் கிடைக்கும் என்று பார்ப்போம்.

சாதாரண ஆம்ப் போர்டு பேட்டரி தரும் வோல்ட்டைத் தாண்டி ஸ்பீக்கருக்குத் தர முடியாது. 14 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்கு எளிது: 14ஐ 14ஆல் பெருக்கி 8ஆல் (4 ஓமின் இரு மடங்கு) வகுத்தால் 24.5 வாட். அதுவே உச்சவரம்பு. இழப்பெல்லாம் போக, உடையாமல் சுத்தமாக வருவது 20 வாட் சுற்றுவட்டாரம். அதே ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதிலும் பாதிதான். பழைய ஹோம் தியேட்டரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் பைக்கில் மெலிந்து ஒலிப்பது இதனால்தான். அதில் பெரும்பாலும் 6 அல்லது 8 ஓம் இருக்கும்.

பரவலாகக் கிடைக்கும் டி.பி.ஏ. 3116 என்ற சிப் உள்ள ஆம்ப் போர்டில் "50+50 வாட்" என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் 21 வோல்ட் கொடுத்தால் வரும் அளவு. உங்கள் பைக்கில் 21 வோல்ட் கிடையாது.

ஆக ஸ்பீக்கரின் பெட்டியில் 200 வாட் என்று இருந்தாலும் 300 வாட் என்று இருந்தாலும் உள்ளே போகப்போவது 20 வாட்தான். வாட் எண் சொல்வது, எரிந்துபோகாமல் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதை. எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்வது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த எண். 87 டெசிபல் போட்ட 4 இன்ச் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் 100 டெசிபல் வரும். 93 போட்ட 6.5 இன்ச் ஸ்பீக்கருக்கு அதே 20 வாட்டில் 106. இந்த 6 டெசிபலை ஆம்பை மாற்றிப் பெற வேண்டுமானால் பவரை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது 80 வாட். 8 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) பேட்டரியும் பைக்கின் சார்ஜிங்கும் அதைத் தாங்காது. வாட்டைத் துரத்தாமல் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டில் அளந்து போடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட், எண்ணில் 3 டெசிபல் கூடித் தெரியும். 2 ஓமில் அது நான்கு வாட், 6 டெசிபல் கூடும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே முறையில் அளந்தவைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் 2.83 வோல்ட்டில் அளந்த எண்ணில் 4 ஓமுக்கு 3, 2 ஓமுக்கு 6 கழித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

2 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்ட்டில் ஏறக்குறைய இரட்டிப்பு வாட் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆம்ப் தாங்க வேண்டுமே. டி.பி.ஏ. 3116 ஸ்டீரியோவாக ஓடும்போது 3.2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 2 ஓம் தாங்கும் என்று தெளிவாகப் போட்ட ஆம்ப் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

புது ஸ்பீக்கருக்குக் காசு கொடுப்பதற்கு முன் இருப்பதையே திருப்பிப் பாருங்கள். பாட்டில் வார்த்தை தெளிவாகக் கேட்கக் காரணமான மேல் ஸ்தாயி, டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். க்ராஷ் கார்டில் மாட்டிய ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து நின்றால் அந்தத் தெளிவு முழங்காலுக்குத்தான் போய்ச் சேரும். சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஒரு நூலைப் பிடித்து உங்கள் தாடைக்குக் கொண்டு வாருங்கள். நூல் ஸ்பீக்கரின் முகத்துக்குச் செங்குத்தாக வர வேண்டும். தூரமும் கணக்கில் வரும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும். காலடியில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதை ஹேண்டில்பார் பக்கம் அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், ஆம்பை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

80 கி.மீ.க்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பது என்பதைக் கைவிட்டுவிடுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது காதுக்கான பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பின்னால் வரும் ஆம்புலன்ஸும் லாரி ஹாரனும் உங்கள் காதுக்கு எட்ட வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குள் சட்டப்படி பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே நுழையும்போது வால்யூமை அணைத்துவிடுங்கள்.

ஆக்சிலேட்டரை முறுக்கினால் கூடவே "கீ..." என்று ஏறுகிறது

ஆர்.பி.எம். ஏற ஏற ஸ்தாயியும் ஏறினால் அது சார்ஜிங் லைனிலிருந்து வரும் இரைச்சல். ஸ்பீக்கருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த வழியாக நுழைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆம்பின் இன்புட் வயரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது ப்ளூடூத் பக்கம் வழியாக வருகிறது. இப்போது ப்ளூடூத் போர்டுக்குப் பைக்கிலிருந்து வரும் 5 வோல்ட்டைக் கழற்றிவிட்டு, பவர் பேங்கிலிருந்து கொடுத்து இன்புட்டை மறுபடி மாட்டுங்கள். சுத்தமாக ஒலித்தால் இது எர்த் லூப். ஆம்புக்கும் ப்ளூடூத்துக்கும் எர்த் இரண்டு வழியாகப் போய், அதன் நடுவே சார்ஜிங் மின்சாரம் ஓடுகிறது. பவர் பேங்கை நிரந்தரமாகக் கட்டி வைக்க வேண்டாம். பி 0505 எஸ் என்ற சிறிய ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை 5 வோல்ட் லைனில் ப்ளூடூத் போர்டுக்கு முன்னால் போடுங்கள். உள்ளே வரும் எர்த்தையும் வெளியே போகும் எர்த்தையும் அது பிரித்துவிடும். ஒரு வாட்தான் தாங்கும், ப்ளூடூத் போர்டுக்கு அது தாராளம். சென்னையில் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். மாட்டிய பிறகு, போர்டின் எர்த் வேறு எங்கும் சேஸில் படாமல் இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ பட்டாலும் மறுபடி இரைச்சல் வந்துவிடும்.

இன்புட்டைப் பிடுங்கிய பிறகும் இரைச்சல் வந்தால், அது ஆம்பின் பவர் வயர் வழியாகவே நுழைகிறது. ஆம்பின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் நேராக பேட்டரி முனைக்கே கொண்டுபோங்கள். பெயின்ட் அடித்த சேஸில் ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் எடுத்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படியும் மிச்சம் இருந்தால், பாசிட்டிவில் 10 ஆம்பியர் சோக் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச் சுருள்), ஆம்ப் பக்கம் 2,200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் போடுங்கள்.

"டிக் டிக் டிக்" என்று தனித்தனியாக வந்து, முறுக்கினால் வேகமாக அடித்தால் அது ஸ்பார்க் பிளக். பிளக் கேப்பின் இரண்டு முனைக்கும் நடுவே மீட்டரில் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். பழைய வண்டிகளில் ரெசிஸ்டர் இல்லாத கேப் மாட்டியிருப்பார்கள். கேப்பை மாற்றுங்கள், ஆம்பின் இன்புட் வயரை பிளக் வயரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

எஃப்.எம். மட்டும் இரைகிறது, ப்ளூடூத் சுத்தமாக இருக்கிறது என்றால் விலை குறைந்த யு.எஸ்.பி. சார்ஜரையும் எல்.இ.டி. ஹெட்லைட்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

பழைய பைக்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. முறுக்கினால் பிரகாசமாகி, விட்டால் மங்கும் ஹெட்லைட் நேராக ஏ.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த வயரிலிருந்து ஆம்புக்கு ஒருபோதும் லைன் எடுக்காதீர்கள்.

வால்யூம் கூட்டினால் உடைகிறது, கரகரக்கிறது

மூன்று வெவ்வேறு கோளாறுகளை எல்லோரும் "கரகர" என்ற ஒரே பெயரால் சொல்கிறார்கள். எந்த நேரத்தில் வருகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

மெல்லிய சத்தத்தில் நன்றாக இருந்து, ஒரு அளவைத் தாண்டியதும் எல்லாப் பாட்டிலும் கடுமையாக உடைந்தால் அது கிளிப்பிங். ஆம்புக்கு அதற்கு மேல் வோல்ட் இல்லை. முதலில் போனில் வால்யூமை முக்கால் அளவுக்குக் குறைத்து, ஈக்வலைசரில் ஏற்றி வைத்த பேஸை (கனமான கீழ் ஸ்தாயி ஒலியை) சமமாக்குங்கள். ஆம்ப் முனையில் வோல்ட் விழுகிறதா என்று மேலே எடுத்த அளவைப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் 1.5க்கு மாற்றுங்கள். போகவர மூன்று மீட்டர் நீளத்தில் 6 ஆம்பியர் ஓடினால், மெல்லிய வயரில் முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக விழும். 1.5இல் கால் வோல்ட்கூட விழாது. செம்புப் பூச்சு போட்ட அலுமினிய வயர் வேண்டாம். வெட்டிய முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

சில குறிப்பிட்ட சுருதிகளில் மட்டும் "டர்ர்" என்றால் ஏதோ ஒன்று ஆடுகிறது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 80இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். சத்தம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, க்ரில், பிராக்கெட், நம்பர் பிளேட், வயர் கப்ளர் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. ஃபோம், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். சிங்கிள் சிலிண்டர் அதிர்வுக்குச் சாதாரண நட் தாக்குப்பிடிக்காது.

மெல்லிய சத்தத்திலேயே உரசினால் வாய்ஸ் காயில் மையம் விலகியிருக்கிறது. பவரை அணைத்து, இரண்டு கட்டைவிரலையும் கோனின் (முன்னால் அதிரும் கூம்பு) எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து ஒரே சீராக 2, 3 மி.மீ. உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. கெட்டதில் சொரசொரப்பான காகிதத்தை நகத்தால் கீறியது போல் ஒரு உரசல் வரும், விரலுக்கும் தட்டும். அந்த ஸ்பீக்கர் அவ்வளவுதான், மாற்ற வேண்டும்.

பேஸே இல்லை

ரிமோட் செல்லை எடுங்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் ஒன்றின் பேஸை மற்றொன்று தின்றுவிடும். இதற்கு வயரை மாற்றிப் போட்டால் போதும், செலவே இல்லை.

அது சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். திறந்து கிடந்தால், முன்னால் வரும் அலையைப் பின்னால் வருவது சுற்றி வந்து அழித்துவிடும். 4 இன்ச் ஸ்பீக்கருக்கு 2 முதல் 3 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி வேண்டும். வயர் போகும் துளையையும் சிலிகானால் அடையுங்கள்.

அதற்கு மேல் பேஸைத் தேட வேண்டாம். ஓடும் பைக்கில் கீழ் ஸ்தாயியைக் காற்று முழுசாக விழுங்கிவிடும். மாறாக, பேஸைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அந்த 20 வாட் குரலுக்குப் போகும், கோனும் பிழைக்கும். 4 ஓம் ஸ்பீக்கரின் பிளஸ் வயரில் தொடராக 330 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் போட்டால் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைந்துவிடும். பார்க்கச் சின்ன வேலைதான். 50 கி.மீ. வேகத்தில் குரல் எவ்வளவு தெளிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு பக்கம் ஊமை, அல்லது ஹேண்டிலைத் திருப்பினால் விட்டுவிட்டு வருகிறது

ஆம்பில் இடது வலது வயர்களை மாற்றி மாட்டுங்கள். ஊமை பக்கம் மாறினால் கோளாறு ஆம்பில் அல்லது இன்புட்டில். மாறாவிட்டால் வயரில் அல்லது ஸ்பீக்கரில்.

வயர் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஸ்டியரிங் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அங்கே வயர் மடிந்து நிமிர்கிறது. வெளியே தோல் பளபளவென்று முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் மட்டும் வயர் ரப்பர் மாதிரி நீளும். மல்டி ஸ்ட்ராண்ட் வயரை, ஹேண்டில் முழுதாகத் திரும்பிய நிலையிலும் தொய்வு இருக்கும்படி விட்டுப் போடுங்கள். கழுத்துக்கு மேலே ஒரு டை, கீழே ஒரு டை, மடியும் இடத்தில் மட்டும் கட்டக் கூடாது.

இன்னொரு தவறு: வயர் மிச்சமாகும் என்று ஸ்பீக்கரின் மைனஸைச் சேஸில் கொடுப்பது. இப்போது வரும் ஆம்ப்களில் பெரும்பாலும் மைனஸ் வயரும் பவர் தரும் வயர்தான். சேஸில் பட்டால் ஆம்ப் தற்காப்புக்காக அணையும், அல்லது எரியும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் நேராகப் போக வேண்டும்.

செல்ஃப் அடித்தால் அணைகிறது, காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

செல்ஃப் அடிக்கும் நொடியில் ஆம்ப் அணைந்து திரும்ப வருவது இயல்பு. அப்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். ஹாரன் அடிக்கும்போதும் அணைந்தால் இரண்டும் ஒரே மெல்லிய லைனில் ஓடுகின்றன.

இரவில் இறங்குவதற்குக் காரணம், சாவியை எடுத்த பிறகும் ஆம்ப் விழித்திருப்பது. வெறும் 50 மில்லி ஆம்பியர் போனால்கூட 8 ஏ.ஹெச். பேட்டரி ஒரு வாரத்துக்குள் காலி, மூன்றாம் நாளே செல்ஃப் திணறும். ரிலே (சாவி போட்டால் மட்டும் லைனைத் தரும் மின் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 செ.மீ.க்குள் பியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை, 87இலிருந்து ஆம்ப், 86க்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயர், 85 எர்த். டி.பி.ஏ. 3116 மாதிரியான கிளாஸ் டி ஆம்ப் என்றால் 5 ஆம்பியர் பியூஸ். டி.டி.ஏ. 7377 மாதிரியான பழைய வகை ஆம்ப் சூடாகி அதிகம் இழுக்கும், அதற்கு 7.5.

மழைக்குப் பிறகு அமுங்கி ஒலிக்கிறது

காகிதக் கோன் நீரை உறிஞ்சிக் கனத்துவிட்டது. நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் கோன் கோணிக்கொள்ளும். பைக்குக்குப் பாலிப்ராப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு. ஃபோம் விளிம்பு ஈரத்திலும் வெயிலிலும் பொடிந்துவிடும்.

பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 5 என்று இருந்தால், 6.3 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சிச் சோதித்தது என்று அர்த்தம். வாட்டர் சர்வீஸ் கன்னின் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. கழுவும்போது ஸ்பீக்கரைப் பாலித்தீனால் மூடச் சொல்லுங்கள். பின்பக்க முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். கடலோர ஊர்களில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். மூடிய பெட்டியின் அடியில் 3 மி.மீ. வடிதுளை ஒன்று இருக்கட்டும், அந்த அளவு துளையால் பேஸ் போகாது.

எல்லாம் பார்த்தாயிற்று, ஸ்பீக்கர்தான் கெட்டிருக்கிறது

கருகிய வாசனை வந்தால், புதியது வாங்குவதற்கு முன் ஏன் எரிந்தது என்று கேளுங்கள். 20 வாட் ஆம்பில் ஸ்பீக்கர் எரிந்தால் பெரும்பாலும் காரணம் கிளிப்பிங். எப்போதும் உடைந்த சத்தத்தில் ஓட்டியிருப்பீர்கள். அந்தப் பழக்கம் மாறாவிட்டால் புதியதும் எரியும்.

கடையில் பார்க்க வேண்டிய வரிசை: ஓம், சென்சிட்டிவிட்டி, கோனும் விளிம்பும் எதனால் ஆனவை, கடைசியில் ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தாங்கும் பவர்). ஆர்.எம்.எஸ். 30 இருந்தால் இந்த ஆம்புக்குப் போதும். "மேக்ஸ்", "பீக்", "பி.எம்.பி.ஓ." என்று போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம். சென்சிட்டிவிட்டி எண்ணே போடாத ஸ்பீக்கரை வாங்காதீர்கள். 90க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள், 4 இன்ச்சில் கிடைக்காவிட்டால் இடம் இருக்கிறதா என்று பார்த்து 5.25க்கோ 6.5க்கோ போங்கள். ஹேண்டில்பாரில் மாட்டுவதாக இருந்தால் நியோடிமியம் காந்தம். விலை கூடும், எடை நன்றாகக் குறையும். ஃபெரைட் காந்தம் இரண்டு ஹேண்டிலில் தொங்கினால் மெதுவாகத் திரும்பும்போது கையில் கனம் தெரியும்.

துளையின் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு போகாதீர்கள், காந்தத்தின் பின்முனை வரை ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். போன் ஹோல்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள், காந்தம் பக்கத்தில் இருந்தால் மேப்பில் திசை தவறும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள், முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்குங்கள். ஸ்பீக்கரோ வயரோ டாங்கிலும் மட்கார்டிலும் கேபிள்களிலும் படாமல் இருந்தால் வண்டியை எடுக்கலாம்.